வெள்ளித்தும்பியை எந்த வரிசையில் பார்ப்பது

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் ‘எழுத்து வேலை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். வெள்ளித்தும்பிக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன் என்ற உண்மையைச் சொன்னால் போச்சு. போன மாதம் பல் மருத்துவர் என் வாயைப் பிளந்து கருவியை உள்ளே விட்டுக்கொண்டு, "எந்த வரிசையில பார்க்கணும், அதை மட்டும் சொல்லிடுங்க" என்றார். வாயை மூட விட்டால்தானே பேசுவதற்கு.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வெள்ளித்தும்பி ஒரு அனிமே, அதாவது ஜப்பான்காரர்களின் கார்ட்டூன் தொடர். லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவனுக்கு முதுகில் நான்கு உலோகச் சிறகுகள் கிடைக்கின்றன. உயரத்திலிருந்து விழுகிறவர்களை அவன் காப்பாற்றுகிறான். கதை அவ்வளவுதான், ஆனால் அவ்வளவுதான் என்று அதன் ரசிகர்களிடம் சொல்லிவிடாதீர்கள். நான்கு தொடர்கள் வந்தன. எல்லாம் முடிந்த பிறகு, சிறகு எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் முன்கதைப் படம் ஒன்று வந்தது. நடுவில் எல்லோரும் கடற்கரைக்குப் போய்க் குளிக்கும் சிறப்பு அத்தியாயம் ஒன்றும் உண்டு. அதைப் பார்க்கவே வேண்டாம் என்பதில் மட்டும் உலகம் ஒற்றுமையாக இருக்கிறது.

மற்றதில் இரண்டு கட்சி. வெளிவந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும், முன்கதையைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது ஒரு கட்சி. கதை நடந்த வரிசையில், முன்கதையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இன்னொன்று. இணையத்தில் இவர்கள் போடும் சண்டைக்குப் பங்காளிச் சண்டை எவ்வளவோ தேவலை. நான் எந்தக் கட்சியிலும் இல்லாமல்தான் இருந்தேன். எல்லாவற்றையும் வரி வரியாகக் கரைத்துக் குடித்தவள் நான். கரைத்துக் குடித்தவர்களுக்கு ருசி தெரியாது.

இதுவரை இந்தத் தொடர்கள் வெவ்வேறு சேனல்களில் சிதறிக் கிடந்தன. இப்போது ஒரே ஓடிடி தளம் மொத்தத்தையும் வாங்கியிருக்கிறது. அங்கே எதற்குப் பின்னால் எது வர வேண்டும் என்று தீர்மானிக்கவே ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நான் அவருக்கு வைத்த பெயர் வரிசைக்காரர். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலப் பேசுவார். ஒரு நாள் காலை, நான் மேசையில் உட்கார்ந்து வேறொரு தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"மேடம், கதை வரிசையிலயே போட்டுடலாம்னு இருக்கோம். முன்கதைப் படம்தான் முதல்ல."

"போடுங்க."

"ஒரு சின்ன விஷயம். படத்துல தும்பிக்கு ஒரு புதுப் பையன் பேசியிருக்கார். அதுக்கு அடுத்து முதல் தொடரைப் போட்டா வேற குரல் வருது. பார்க்கறவங்க குழம்புவாங்க. அதனால நாலு தொடரையும் அந்தப் பையனை வச்சே மறுபடி டப்பிங் பண்ணிடலாம்னு பேச்சு."

"பழைய குரல்?"

"எடுத்துடுவோம் மேடம். ஒரு மொழிக்கு ஒரு ட்ராக்தான் வைக்கறது. ஆனா இன்னும் முடிவாகலை. வெளிவந்த வரிசையில போட்டா இந்தத் தலைவலியே இல்லை, நாலு தொடரும் பழைய குரல்லயே போகும், கடைசியில படம். நீங்கதான் ஆரம்பத்துல இருந்து எழுதறீங்க. எது சரியான வரிசைன்னு நீங்க சொல்லிட்டா மேலிடத்துல ஒத்துக்குவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பழைய குரல் என் கணவருடையது என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் வேலை செய்த ஸ்டூடியோவில் குரல் கொடுத்தவர்களின் பெயரைத் திரையில் போடும் வழக்கம் கிடையாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது, குரலும் போய்விட்டது. கழுத்தடியில் இருக்கும் துளை வழியாக மூச்சு விடுகிறார். அதன் மேல் ஒரு மெல்லிய துணி. சொல்ல வேண்டியதைக் கைபேசியில் தட்டிக் காட்டுவார். எழுதியதை வாசித்துக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. அந்தப் பொம்பளைக் குரல் தனக்கு ஒத்துவராது என்று அணைத்து வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி ஒன்றும் உண்டு. டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால் பேச்சு வரும், மிக்ஸிக்குள் உட்கார்ந்து பேசுவது போல. கடன் அட்டை விற்கக் கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அதில் பதில் சொல்வார். ஒரு தடவை கேட்டவர்கள் மறுபடி கூப்பிடுவதில்லை. என்னிடம் அவர் அதில் பேசியதே கிடையாது.

ஆபரேஷனுக்கு முன்னால், குரலைக் கொஞ்சம் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "எதுக்கு? அதான் தும்பி இருக்கானே" என்று சிரித்துவிட்டார். கைபேசியில் குரல் செய்தி அனுப்புகிற ஆளும் இல்லை அவர். ஆக, அவர் குரல் என்று மிச்சம் இருப்பது அந்த நான்கு தொடரில் இருப்பதுதான். நகல் எடுத்து வைத்துக்கொள்ளேன் என்பீர்கள். வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் கிடப்பது வேறு, முகம் தெரியாத நாலு பேர் வீட்டுக் கூடத்தில் கேட்பது வேறு. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

காரணம் தயாராகவே இருந்தது. தும்பிக்கு ஒரு எதிரி உண்டு, பெயர் சாம்பல். முகம் முழுவதும் முகமூடி. முதல் தொடரிலிருந்து தும்பியை மிரட்டிக்கொண்டே இருப்பான். நான்காம் தொடரின் முடிவில் முகமூடி கழலும். உள்ளே இருப்பது வயதான தும்பியேதான். தான் செய்யப்போகும் ஒரு தவற்றைத் தடுக்க, வருங்காலத்திலிருந்து திரும்பி வந்தவன். இந்த ரகசியம் கெடக்கூடாது, ஆகவே வெளிவந்த வரிசைதான் சரி என்று அந்தக் கட்சிக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதையே நானும் சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால் எங்கள் வீடு சின்னது. ஃபோனில் நான் பேசியதையெல்லாம் அவர் கேட்டிருக்கிறார். அடுப்படியில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டுக் கைபேசியை நீட்டினார்.

‘எது சரியான வரிசை?’

"வெளிவந்த வரிசைதான். முகமூடி ரகசியம் இருக்கே."

‘முன்கதைப் படத்துல சாம்பலே வரமாட்டானே. அதை முதல்ல பார்த்தா ரகசியம் எப்படிக் கெடும்?’

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். அவர் விடாமல் தட்டினார். ‘முதல் தொடர் பாதி வானத்துல ஆரம்பிக்குது, தலையும் புரியலை வாலும் புரியலை, புதுசா பார்க்கறவன் ஓடிடுவான்னு சொன்னது யாரு?’

சொன்னது நான்தான். எப்போதோ சொன்னதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசான காரியம் இல்லை. "உங்களுக்குக் கவலையே இல்லையா?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது.

அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதினார். ‘இருக்கு. அதுக்காக வரிசையைத் தப்பா சொல்லுவியா?’

அந்த வாரம் அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, வீடு குளமாகிவிட்டது. நான் அண்ணி என்று கூப்பிடும் அவர், சலவைக் கடை நடத்துகிறவர். கையில் ஒரு பெட்டி, தோளில் வாடிக்கையாளர்களின் சட்டை மூட்டை, கூடவே தன் சொந்த இஸ்திரிப் பெட்டி. எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியை அவர் நம்புவதில்லை. எங்களையே பாதிதான் நம்புவார்.

அண்ணி வெள்ளித்தும்பியை ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. அது வீம்பு. என் கணவர் முன்பு அவர் கடையில்தான் வேலை செய்தார். அதை விட்டுவிட்டு டப்பிங்குக்குப் போனபோது, "சோறு போடற வேலையை விட்டுட்டுப் பூச்சிக்கும் பொம்மைக்கும் பேசப் போறியா" என்று கேட்டவர், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சூப் கொண்டுவந்தார். அப்போதும் எடுக்கவில்லை. தம்பி எந்தப் பாத்திரத்துக்குப் பேசினான் என்றுகூட அவருக்குத் தெரியாது.

என் கணவர் என்னிடம் கைபேசியை நீட்டினார். ‘இவளுக்குப் போட்டுக் காட்டு. கதை வரிசையில. ஒண்ணும் தெரியாத ஆள் இவளை விட்டா வேற யாரு கிடைப்பா?’

எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அண்ணி, "ஏம்மா, கண்ணு சும்மாதானே இருக்கு, எதையாவது போடேன்" என்றார். அவர் வாயாலேயே கேட்ட பிறகு நான் எங்கே தப்பிப்பது. முன்கதைப் படத்தைப் போட்டேன்.

அந்தப் புதுப் பையன் நன்றாகவே பேசியிருக்கிறான். அது வேறு எரிச்சல். முதலில் காலர்களையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, தும்பி லிஃப்ட் கம்பியில் தொங்கும்போது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார். படம் முடிந்ததும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய், இதுவாடா நீ? பரவாயில்லையே. எவ்வளவு இளமையா பேசியிருக்க. அப்பவே சொல்லியிருந்தா நானும் பார்த்திருப்பேன்ல."

நான் வாயெடுப்பதற்குள் என் கணவர் கண்ணாலேயே என்னை அடக்கினார். அடுப்படிக்குள் போய், "அந்தப் பையனைப் போய் நீங்கன்னு நினைச்சுட்டு இருக்காங்க, பேசாம இருக்கச் சொல்றீங்களே" என்று கிசுகிசுத்தேன். ‘ஒண்ணும் தெரியாமலே கேக்கட்டும்’ என்று எழுதிக் காட்டிவிட்டு டீயை வடிகட்டினார்.

மறுநாள் மாலை முதல் தொடர். இதில் தும்பி பேசுவது என் கணவர். தும்பிக்கு வயது இருபது. பேசும்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதனால் மூக்கில் கொஞ்சம், மேல் தொண்டையில் கொஞ்சம் என்று ஒரு குரலைச் செய்து வைத்திருந்தார். வார்த்தைகளும் அப்படித்தான். திரையில் தும்பியின் உதடு ஒட்டினால் நான் ‘ம’வோ ‘ப’வோ வைத்தாக வேண்டும், வாய் திறந்து நின்றால் ‘ஆ’வில் முடித்தாக வேண்டும். அடுத்தவன் அளவுக்குத் தைத்த சட்டை அது. அதற்குள் அவர் நுழைந்து நான்கு தொடரும் நடித்தார்.

அண்ணி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "யாரு இது? சளி பிடிச்ச மாதிரி பேசறான். ஏண்டா, நேத்து நீதானே பேசின, உன்னை ஏன் மாத்தினாங்க? உன்னையே வச்சிருக்கலாம்ல."

என் கணவரின் தோள்கள் குலுங்கின. அவர் சிரித்தால் இப்போது சத்தம் வராது. கழுத்துத் துணி மட்டும் படபடக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசைக்காரர் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. பார்க்கறவங்க குழம்புவாங்க. கூடப் பிறந்தவளே குழம்பிவிட்டாள், ஊரான் எம்மாத்திரம்.

படத்தில் பழகிய ஆளை விட மனசில்லாமல் அண்ணி தொடரைத் தொடர்ந்து பார்த்தார். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு கட்டடம் தீப்பிடிக்கும். தும்பி உள்ளே பாயப் போகும்போது புகையிலிருந்து சாம்பல் முதல்முறையாக வருவான்.

அந்தக் காட்சியைப் பதிவு செய்த அன்று, சாம்பலுக்குப் பேச வர வேண்டியவர் வரவில்லை. அத்தியாயம் மறுநாள் ஒளிபரப்பாக வேண்டும். ஒலிப்பதிவாளர், "முகமூடிதானே, உதடே இல்லை. நீங்களே பேசிடுங்க, அப்புறம் ஆளை மாத்திக்கலாம்" என்று என் கணவரிடம் சொன்னார். அப்புறம் என்ற அந்த நாள் வரவே இல்லை. சாம்பல் யார் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அத்தியாயம் வர வரத்தான் எங்களுக்கே கதை தெரியும். வருடங்கள் கழித்து முகமூடி கழன்றபோது, தமிழில் மட்டும் இருவருக்கும் ஒரே ஆள் பேசியிருப்பதைக் காது கூர்மையானவர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். பாதிப் பேர் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டதாகத் திட்டினார்கள். மீதிப் பேர் என்ன ஒரு தொலைநோக்கு என்று புகழ்ந்தார்கள். ஆள் வராத குறையை அறிவாளித்தனம் என்று அன்றுதான் முதல்முறையாகச் சொல்லக் கேட்டேன்.

அன்றைக்கு அவரிடம் இரண்டாவது குரல் எதுவும் தயாராக இல்லை. தன் சொந்தக் குரலிலேயே பேசிவிட்டார். நான் எழுதியிருந்தது ‘விலகு’ என்ற ஒரே சொல். பொருத்திப் பேச உதடு இல்லாததால் அவர் தன் இஷ்டத்துக்குப் பேசினார். நேரம் இல்லை, அப்படியே விட்டுவிட்டோம். சாம்பல் தும்பியின் தோளைப் பிடித்து இழுத்துச் சொல்கிறான்:

"தள்ளி நில்லு. சுடும்."

அண்ணியின் கை நின்றது.

"டேய்" என்றார். பிறகு இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இது நீ. நேத்து பேசினது நீ இல்லை. அந்தச் சளி பிடிச்சவனும் நீ இல்லை. இதுதான் நீ."

சலவைக் கடையில் என் கணவரின் வேலை ஆவி இயந்திரத்திலிருந்து சூடான துணியை அள்ளி, குறுகலான வழியில் கடையின் முன்பக்கத்துக்கு எடுத்துவருவது. அண்ணி குறுக்கே நிற்பார். என் கணவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

"திரும்பப் போடு" என்றார் அண்ணி. போட்டேன். மறுபடி போடச் சொன்னார், மறுபடியும் போட்டேன். யாரோ ஒருவருடைய சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

என் கணவர் கைபேசியை எடுத்து, தட்டி, அழித்து, மறுபடி தட்டினார். அக்காவிடம் காட்டுவார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார்.

‘தும்பியை அந்தப் பையனுக்குக் கொடுத்துடு. என்னை வச்சுக்கோ.’

நான் அழுதேன். அண்ணி இருக்கிறாரே என்று அடக்கிக்கொள்ளவும் இல்லை. நான்கு தொடர், அதில் ஒவ்வொரு சொல்லும் நான் எழுதி அவர் பேசியது. சளி பிடித்த குரலோ எதுவோ, அதைக் கேட்டுக்கொண்டுதான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி ஓடியது. கொடுத்துவிடு என்று அவர் சொல்லலாம், அது அவருடையது. எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

ஆனால் அழுது முடித்து யோசித்தபோது, அவர் சொன்னது வேலைக்கும் சரியாக இருந்தது. அதுதான் அந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காததும் பிடித்ததும். தும்பிக்கு ஒரு குரல், சாம்பலுக்கு வேறு குரல் என்றால் எந்தக் கூர்மையான காதாலும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. முகமூடி கழலும் வரை ரகசியம் ரகசியமாகவே இருக்கும். கதை வரிசையில் முன்கதையிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறவனுக்குக் கடைசியில்தான் தெரியும், இத்தனை நாள் மிரட்டிய குரல் யாருடையது என்று. நாங்கள் தெரியாமல் செய்த தப்பு ஒருவழியாகச் சரியாகிவிடும்.

மறுநாள் வரிசைக்காரரைக் கூப்பிட்டேன்.

"கதை வரிசைதான் சரி. படத்துல இருந்து ஆரம்பிங்க. தும்பிக்கு மறுபடி டப்பிங் பண்ணுங்க. சாம்பலைத் தொடாதீங்க."

"ரெண்டும் ஒரே ஆள்தானே மேடம். குரல் ரெண்டா இருக்கலாமா?"

"நடுவுல முப்பது வருஷம் இருக்கு. குரல் மாறும்."

"அவ்வளவா மாறும்?"

"அதைவிடவும் மாறும்."

கொஞ்சம் யோசித்தார். எதையோ தட்டும் சத்தம் கேட்டது. "நல்லாத்தான் இருக்கு மேடம், ரகசியமும் காப்பாத்தப்படுது. ரெண்டு வரி புதுசா தேவைப்பட்டா அந்தப் பழைய ஆர்ட்டிஸ்ட் வந்து பேசுவாரா?"

"வர மாட்டார். இருக்கறதை வச்சுத்தான் செய்யணும்."

"தும்பியை எடுக்கறதுல அவருக்கு வருத்தம் இருக்காதே?"

"அவர்தான் கொடுக்கச் சொன்னார்."

"ஓ, உங்களுக்குப் பழக்கமா?"

"கொஞ்சம்" என்றேன்.

மேலிடத்தில் ஒத்துக்கொண்டதாக அவரிடமிருந்து மாலையில் செய்தி வந்தது. அண்ணியின் வீட்டுக் குழாயை இன்னும் சரிசெய்யவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை, இரண்டாம் தொடரில் இருந்தார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருக்கும் வழியில் இஸ்திரி மேசையைப் போட்டு, யாரும் நடக்க முடியாதபடி நின்றுகொண்டிருந்தார். சாம்பல் வரும் காட்சிகளில் மட்டும் கையை நிறுத்துவார். மற்ற நேரத்தில் தும்பியைப் பார்த்து, "இவனை யாராவது ஆவி பிடிக்கச் சொல்லுங்களேன்" என்பார். அந்தக் குரல் யாருடையது என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

நான் அடுப்படிக்குப் போய்ச் செய்தியைக் காட்டினேன். என் கணவர் படித்தார். தலையாட்டினார். கெட்டிலை ஒரு கையில் எடுத்தார். இன்னொரு கையால் மேல் தட்டிலிருந்து அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். கடன் அட்டைக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லையே என்று நினைத்தபடி பின்னால் போனேன்.

அண்ணி வழியை அடைத்துக்கொண்டு திரையைப் பார்த்து நின்றார். என் கணவர் கருவியைக் கழுத்தில் அழுத்தினார். மிக்ஸிச் சத்தம்தான், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

"தள்ளி நில்லு. சுடும்."

அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தள்ளி நின்றார்.